அன்பு இருந்தால் போதாதா, உபதேசம் எதற்கு?

2024 ஜனவரி 2, தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்:

"உபதேசம், கோட்பாடு எல்லாம் இறையியல் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், வாரம் முழுக்க வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கிற நமக்கு அன்பு இருந்தால் போதாதா? உபதேசம் பேசினாலே சண்டைதான் வருகிறது. யாராவது பதில் சொல்லுங்கள்."

ஜனவரி 3, இரவு

தம்பி, நான் காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவள். அடுப்பை அணைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். நீங்கள் கேட்டதை நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் அக்காவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. 2019-இல் ஒரு உபவாச ஜெபக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மேடையில், "சுகம் ஏற்கெனவே உனக்குக் கொடுக்கப்பட்டாயிற்று, இனிமேல் மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம்" என்றார். கூட்டம் முழுக்க ஆமென் போட்டது. நானும் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே தூக்கிப் போட்டுடு" என்றாள். போட்டேன்.

நாலு மாதம். வலது காலில் புதுச் செருப்பு கடித்து ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும், வலித்தால்தானே பார்ப்பாள்? நான் பார்த்தபோது விரல் கருத்திருந்தது. பெருவிரலுக்குப் பக்கத்து விரலை எடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி அப்புறம் வந்தது. அதே கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபம் பண்ணினார்கள். கிளம்பும்போது, "சிஸ்டர், எங்கேயோ விசுவாசக் குறைவு இருந்திருக்கு, ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. எனக்கு அவளிடம் சொல்ல வாயில் ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் சொன்னது சரியா தப்பா என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்பு போதாதா என்று கேட்டீர்கள். அவளை அந்தக் கூட்டத்துக்கு நான் அன்பினால்தான் கூட்டிப்போனேன், தம்பி. மாத்திரையைத் தூக்கிப் போட்டதும் அன்பினால்தான்.

ஜனவரி 4, காலை

நேற்று சொல்ல விட்டது. "நீயோ ஆரோக்கியமான உபதேசத்துக்கேற்றவைகளைப் பேசு" என்று அப்போஸ்தலர் பவுல் தீத்து என்கிற ஊழியருக்கு எழுதின கடிதத்தில், தீத்து 2:1-இல், இருக்கிறது. ஆரோக்கியம் என்பது அலங்காரத்துக்குப் போட்ட சொல் கிடையாது. கிரேக்கத்தில் உடம்பு நலமாக இருப்பதைச் சொல்கிற சொல்தான் அங்கே வருகிறது. கெட்ட குமாரன் கதையில், தம்பி "சுகத்துடனே" வந்துவிட்டார் என்று வேலைக்காரன் மூத்தவனிடம் சொல்கிறானே, லூக்கா 15:27, அங்கேயும் அதே சொல்தான். நல்ல உபதேசம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு மாதிரி. கெட்டுப்போனது வாய்க்கு ருசியாகத்தான் இருக்கும், வயிற்றுக்குள் போனபிறகு வேலையைக் காட்டும்.

ஜனவரி 7

"அப்படியானால் தேவன் இன்றைக்குச் சுகமாக்குவதில்லை என்கிறீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அப்படி நான் சொல்லவே இல்லை ஐயா. சுகமாக்குகிறார். தினமும் அக்காவுக்காகக் கேட்கிறேன். வியாதிப்பட்டவன் மூப்பரை வரவழைத்து ஜெபிக்கச் சொல்லட்டும் என்று யாக்கோபு 5-இல் இருக்கிறது. எங்கள் சபைப் போதகரை, ஐயர் என்றுதான் சொல்வோம், வரவழைத்து ஜெபித்தோம்.

நான் கேட்பது வேறு. சுகம் வராவிட்டால் அது விசுவாசக் குறைவு என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? பவுல் கூடவே ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார், 2 தீமோத்தேயு 4:20. அவனைக் குறை சொல்லி ஒரு வரி இல்லை. பவுலின் இன்னொரு உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனது. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்றுதான் அவருக்கு எழுதுகிறார். அந்தக் காலத்துக் கைவைத்தியம் அது. பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள். மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவரோடு கூட இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்கிறார்.

பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா?" என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமே இல்லை என்று இயேசு சொன்னார். யோவான் 9-ஆம் அதிகாரம். ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசுகிற படம். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு பேர் பேசிவிட்டுப் போனபோது எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. கதையாகத் தெரிந்திருந்தது, உபதேசமாகத் தெரியவில்லை.

ஜனவரி 8

புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்குவது தப்பா என்று கேட்டவருக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் வைத்து ஆளுக்கொன்று கொடுப்பார்களே, எங்கள் வீட்டிலும் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் தப்பே இல்லை. வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அக்காவுக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதின கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது! அதற்குள் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்படி முழுசாக வாசித்தபோது அக்காவுக்கு அந்த வசனம் குறைந்துபோகவில்லை. "அப்ப இங்கேயே கத்திரிச்செடி வைக்கலாம்ங்கிறாரு" என்றாள். கொல்லையில் வைத்தாள்.

ஜனவரி 12

பொங்கல் ஆர்டர், மூச்சு விட நேரமில்லை. ஒன்று மட்டும். பிரசங்கத்தைச் சோதித்துப் பார்ப்பது பாவம் என்று எழுதியவர் அப்போஸ்தலர் 17:11 பாருங்கள். பெரேயா ஊர்க்காரர்கள் பவுலையே சந்தேகப்பட்டார்கள், அதற்காகப் பாராட்டப்பட்டார்கள்.

ஜனவரி 18

சரி, இனிமேல் நேரம் இருக்கிறது.

"அடுப்படிக்கும் உபதேசத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். தீத்து இரண்டாம் அதிகாரத்தை மேலே வாசியுங்கள். ஆரோக்கியமான உபதேசத்துக்கு ஏற்றதைப் பேசு என்றவுடனே அடுத்த வரி எங்கே போகிறது? முதிர்வயதுள்ள ஆண்கள் எப்படி இருக்கவேண்டும், பெரிய பெண்கள் எப்படி, வீட்டில் இருக்கிற இளம்பெண்கள் எப்படி, வேலைக்காரர்கள் திருடாமல் எப்படி இருக்கவேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. வேலைக்காரன் கை சுத்தமாக இருந்தால் அவன் தேவனுடைய உபதேசத்தை "அலங்கரிக்கிறான்" என்று இருக்கிறது. 1 தீமோத்தேயு 1:10-இல் ஆரோக்கியமான உபதேசத்துக்கு எதிராக யாரை வைக்கிறார்? பொய்யரை, பொய்யாணை இடுகிறவர்களை, மனுஷரைத் திருடுகிறவர்களை. உபதேசத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு புத்தகம் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே பார்த்தால் கெட்ட நடத்தை நிற்கிறது.

சீப்புச்சீடையும் தேன்குழலும் கடலெண்ணெயில் போட்டது என்று சொல்லித்தான் விற்றேன். விலை ஏறின ஒரு வருஷம் பாதிக்குப் பாதி பாமாயில் ஊற்றினேன். அட்டையை மாற்றவில்லை. வாங்குகிற ஆச்சிமாருக்கு நாக்கு கூர்மை, இருந்தும் யாரும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஞாயிறு பள்ளிப் பெரிய பிள்ளைகளுக்குத் தீத்து எடுத்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், "டீச்சர், உபதேசத்தை அலங்கரிக்கிறதுன்னா நகை போடுற மாதிரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சட்டியில் எண்ணெய் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். மறுநாள் முதல் முழுக்கக் கடலெண்ணெய், கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட்டினேன். பழைய வாடிக்கைக்காரர்கள் ஆறு பேரிடம் போய்ச் சொன்னேன். ஒரு ஆச்சி அதன்பிறகு வாங்குவதில்லை. அது அவருடைய நியாயம்.

தேவன் எல்லாம் பார்க்கிறார் என்பதும் ஒரு உபதேசம்தானே? அது சட்டி வரைக்கும் வந்துசேர எனக்கு அத்தனை வருஷம் ஆனது.

(இழையில் அதிரசப் பதம் கேட்டவருக்கு: பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுங்கள். மெத்தென்று உருண்டு நிற்கவேண்டும். கரைந்தால் பதம் வரவில்லை, எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். கடக் என்று சத்தம் வந்தால் பதம் தாண்டிவிட்டது, கடிக்க முடியாது. அரிசி ஈரமாவாக இருக்கவேண்டும். தீபாவளிக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.)

ஜனவரி 20

12-ஆம் தேதி எழுதினதைத் திருத்துகிறேன். பெரேயாக்காரர்கள் "சந்தேகப்பட்டார்கள்" என்றேன். தப்பு. "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு", அதோடுகூடத் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள் என்றுதான் இருக்கிறது. ஆசையாகக் கேட்டார்கள், ஆராய்ந்தும் பார்த்தார்கள். எனக்கு நடந்ததற்குப் பிறகு எந்தப் பிரசங்கியாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வருகிறது. அதை வேதத்திலேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

பிப்ரவரி 4

இன்றைக்கு அருளானந்தர் நாள். நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்காவோடு ஒருதரம் தேவகோட்டை வழியாக, அவரை வெட்டிய ஊரான ஓரியூருக்குப் போயிருக்கிறேன். அங்கே மண் சிவப்பு. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று சனங்கள் முந்தானையில் முடிந்து எடுத்துப்போகிறார்கள்.

போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோதான் நம் ஊரில் அருளானந்தர் ஆனார். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டினார்கள். எதற்காக? தடியத்தேவர் என்கிற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும் என்றார் இவர். அவரும் மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிட்டாள்.

"அன்பு போதும், உபதேசம் எதற்கு" என்று அருளானந்தர் இருந்திருந்தால் தலை தப்பியிருக்கும். ஒருவனுக்கு ஒருத்தி என்பது அவருக்கு ஏட்டில் இருந்த கோட்பாடு கிடையாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து அதைத் தலைகீழாகப் புரட்டிய காரியம் அது. நம் மண்ணிலேயே, கூப்பிடு தூரத்தில் நடந்தது.

பிப்ரவரி 6

இரண்டு நாளாக மேலே எழுதினது உறுத்துகிறது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அவளுக்கு என்ன குற்றம்? முறைப்படி வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒருநாள் புருஷன் வந்து இனிமேல் நீ இல்லை என்கிறான். பிறந்தவீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் என்ன செய்வாள்? மற்ற மனைவியர் யாரிடம் போய்ச் சொன்னார்களோ.

உபதேசம் சரி என்றே இன்னும் சொல்கிறேன். அது சரி என்பதால் நசுங்கினவர்களைப் பார்க்கவேண்டியதில்லை என்று ஆகிவிடாது. மலையாய்ப் பெயர் நின்றது ஒருவருக்கு, அவளுக்குப் பெயரே எனக்குத் தெரியாது. இன்றைக்கு அவளுக்காக அழுதேன்.

பிப்ரவரி 11

"ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தின சண்டையெல்லாம் நமக்கு எதற்கு?" என்ற கேள்வி. சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கத்தைச் சொல்கிறார். கி.பி. 325, இன்றைய துருக்கி நாட்டில். தேவகுமாரனான இயேசு என்றைக்கும் உள்ளவர் அல்ல, படைக்கப்பட்டவர், மற்றப் படைப்புகளையெல்லாம் விட உயர்ந்தவர், அவ்வளவுதான் என்று ஆரியு என்கிற மூப்பர் போதித்தார். இல்லை, பிதாவோடு ஒரே தன்மை உள்ளவர் என்று சங்கம் அறிக்கை செய்தது. அதற்குப் பிறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல் சண்டை ஓயவில்லை. அந்த அறிக்கைக்காக உறுதியாய் நின்ற பிஷப் அத்தனாசியு ஐந்து தரம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்.

அக்காவுக்குக் கட்டு மாற்றும்போது ஒருநாள், "தேவனுக்கு வலின்னா என்னன்னு தெரியுமாடி?" என்று கேட்டாள். கையில் பஞ்சு, பக்கத்தில் உப்புத்தண்ணீர்ப் பாட்டில். யோசித்துப் பாருங்கள், ஆரியு சொன்னது சரி என்றால் நான் என்ன பதில் சொல்வேன்? "தேவனுக்குத் தெரியாது அக்கா, அவர் வேறு ஒருத்தரை அனுப்பினார், அவருக்குத் தெரியும்" என்றுதானே சொல்லவேண்டும்? அன்றைக்கு என்னால், "தெரியும் அக்கா, காலில் ஆணி அடிச்சிருக்கு" என்று சொல்ல முடிந்தது. அவள் காலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். நான் அந்தப் பதிலைச் சொல்வதற்கு அத்தனாசியு அங்கே நாடுகடத்தப்படவேண்டி இருந்திருக்கிறது.

அதேபோல் ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம். இந்தச் சரீரம் எழுந்திருக்கப் போகிறது என்றால் இது வீசிவிட்டுப் போகிற சட்டை இல்லை. அப்புறம் மாத்திரை போடுவது எப்படி அவிசுவாசமாகும்? அந்த ஒரு வரியை 2019-இல் நான் நிஜமாகவே நம்பியிருந்தால் டப்பாவை வாங்கித் தூக்கிப் போட்டிருப்பேனா?

பிப்ரவரி 19

காணிக்கை பற்றித் தனியாகக் கேட்டவருக்கு, சுருக்கமாக. தாலிச் சங்கிலியை அடகு வைத்து, அந்தப் பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்து "விதை" விதைத்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். நூறு மடங்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வட்டிதான் வந்தது. கொடுப்பதற்கு நான் எதிரி இல்லை, நானும் கொடுக்கிறேன். 2 கொரிந்தியர் 8:12-ஐ அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை: "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." அடகுக் கடைக்குப் போகும் வழியில் யாராவது இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

மார்ச் 2

தேவகோட்டைத் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். "அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் சபையில் உபதேசம் சுத்தமாகத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கண்டாலே எல்லோரும் ஒதுங்குகிறார்கள்."

தெரியும் தம்பி. எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருக்கிறார். அக்கா விரல் எடுத்துப் படுத்திருந்தபோது வந்து, அந்தக் கூட்டத்தின் உபதேசம் எங்கே பிசகியது என்று முக்கால் மணிநேரம் வசனத்தோடு விளக்கினார். ஒவ்வொன்றும் சரி. அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. முதல் நாள் நான் எழுதினதில் இதை விட்டுவிட்டேன். என் வாதத்துக்கு இடைஞ்சல் என்றுதான் விட்டேன். அது நேர்மை இல்லை.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல காரியம். அப்புறம் வாய் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், ஆராய்ந்து பார் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு பேர் சொன்னது இதேதான். கடைசி அதிகாரத்தில், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று தேவன் அவர்கள்மேல் கோபப்படுகிறார். அழுது, சண்டை போட்டு, கேள்வி கேட்ட யோபு பேசினதை ஏற்றுக்கொள்கிறார். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து தேவனைப் பற்றித் தப்பாகப் பேசுவது அவருக்கு அவ்வளவு கோபம் மூட்டுகிறது.

எங்கள் சொந்தக்காரரை இந்தக் கதையில் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் தேவனைப் பற்றித் தப்பாகப் பேசவில்லை. அந்த ஏழு நாளை மட்டும் உட்காராமல் தாண்டிவிட்டார்.

மார்ச் 9

"நாங்கள் எங்கே ஆரம்பிப்பது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் அக்காவுக்குக் கால் கழுவித் துடைத்துக் கட்டு மாற்றவேண்டும். போன மாதம் குதிகாலில் சின்னதாக ஒரு புண், இப்போது ஆறி வருகிறது. மாத்திரை, ஊசி எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. நான் கட்டு மாற்றும்போது அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு அதிகாரம் சத்தமாக வாசிப்பாள். ஒரு வசனத்தைப் பொறுக்கி எடுக்காமல், விட்ட இடத்திலிருந்து வரிசையாக. புரியாததை நோட்டில் எழுதிவைத்து ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் கேட்போம். போன வாரம் நாலு கேள்வி. இரண்டுக்கு, படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். அதனாலேயே அவர்மேல் எங்களுக்கு மரியாதை கூடியிருக்கிறது.

தீமோத்தேயு இரண்டும் முடிந்து, இன்றைக்குத் தீத்து மூன்றாம் அதிகாரமும் முடிந்தது. நாளைக்குப் பிலேமோன். ஒரே அதிகாரம்தான், கட்டுப் போட்டு முடிப்பதற்குள் வாசித்துவிடுவாள்.